கருணை வேண்டாம், கடமை போதும்!

கேட்பவன் குனிய வேண்டும். கொடுப்பவன் நிமிர வேண்டும். இப்படியொரு பாடத்தை எவரும் ஏட்டில் எழுதி வைத்ததில்லை. எனினும் நம் மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனர். கோயில் வாயிலிலே தொடங்கிய பாடம் அது. பண்ணையார் வீட்டுத் திண்ணையிலே பழகிய பாடம். இன்று அலுவலக மேசையின் முன்னே வந்து கைகட்டி நிற்கும் பாடம்!

வரி கட்டியவன் தெருவிளக்குக் கேட்கிறான். எப்படிக் கேட்கிறான்? 'கருணை கூர்ந்து' கேட்கிறான். கட்டணம் செலுத்தியவன் வடிகால் கேட்கிறான். எப்படிக் கேட்கிறான்? 'தாள்பணிந்து' கேட்கிறான். தன் காசில் எரிய வேண்டிய விளக்குக்குத் தானே இரவலனாகி நிற்கும் இந்த விந்தையை, வேறு எங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் ஜீயபுரம் கடைத்தெருவிலேயே காணலாம். கண்டோம். கண்டதோடு, அதைச் சற்றே மாற்றுவதற்கு நம் பேனாவும் பயன்பட்டது. அந்தக் கதையிலே இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருப்பதால்தான் அதை இங்கே எழுதுகிறோம்.

ஜீயபுரம் காவிரியின் தென்கரை ஊர். திருச்சியிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலை அதன் வழியே ஓடுகிறது. ஈரோடு செல்லும் இருப்புப் பாதையிலே அதற்கொரு நிலையமும் உண்டு. சுற்றிலும் வாழை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் என்று தார் தாராக வெட்டி வண்டியேற்றுவோரும், விடியுமுன்னே இலை அறுத்துக் கட்டாகக் கட்டித் திருச்சிக்கு அனுப்புவோரும் நிறைந்த வட்டாரம். அவர்களை நம்பி மளிகைக் கடை, உரக்கடை, தேநீர்க் கடை, கைப்பேசி பழுது பார்க்கும் கடை, முடிதிருத்தகம்; கடைகளின் ஓரத்திலே கீரைக் கூடை, பூக்கூடை, வேர்க்கடலைத் தள்ளுவண்டி. இதுதான் கடைத்தெரு.

ஆண்டுதோறும் பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாளைப் பல்லக்கில் ஏற்றி இவ்வூருக்குக் கொண்டுவருவர். பேரனின் வரவை எதிர்நோக்கி ஏங்கிய ஒரு மூதாட்டிக்காக அரங்கனே பேரனாக வந்தான், முகம் மழித்துக்கொண்டான், மூதாட்டி சமைத்த கீரையும் சோறும் உண்டான் என்று ஒரு கதை சொல்வர். நம்புவோர் நம்பட்டும். நமக்கு அக்கதையிலே தெரிவது வேறு. ஆண்டவனே வந்தாலும் இவ்வூரில் அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு: முடிதிருத்தும் தொழிலாளியின் கை ஒன்று, கீரை ஆய்ந்த கிழவியின் கை ஒன்று! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

சாமி வரும் நாளுக்குச் சாலை பெருக்கப்படும், விளக்கு கட்டப்படும். மறுநாள்? மனிதர் நடக்கும் சாலை பழையபடி இருட்டு! ஒரு நாள் வந்து போகும் சிலைக்கு வெளிச்சம். ஆண்டு முழுவதும் வந்து போகும் மக்களுக்குத் தடுமாற்றம். இந்நிலை பொறுக்காமல்தான் கடைக்காரர் சிலர் ஒன்றுகூடினர். 'தனித்தனியே போனால் நாற்காலிகூடக் காட்டமாட்டார்கள், சேர்ந்து போவோம்' என்று முடிவு கட்டினர். நல்ல முடிவு. சங்கம் என்பது அங்கேதான் பிறக்கிறது. பெயர்ப்பலகையில் அன்று, பொதுக்குறையிலே பிறக்கிறது.

முடிவு கட்டியவர் மனு எழுதுவதற்கு நம்மைத் தேடி வந்தனர். ஊரிலே பள்ளி ஆசிரியன் என்றால் மனு எழுதவும் கடமைப்பட்டவன் அல்லவா? மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நான்காக மடித்த தாளை நீட்டினார்.

"நாங்களே ஒருமாதிரி எழுதியிருக்கோம் தம்பி. நீங்க நல்ல தமிழ்ல மாத்திக் கொடுத்தாப் போதும்."

படித்தோம். ஆறு கோரிக்கைகள். தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், நிழற்குடை என்று முதல் நான்கும் நான்கு தூண்கள்போல் நின்றன. ஆனால் அத்தூண்களைச் சுற்றி ஒரே கொடி! 'ஏழை வியாபாரிகளாகிய எங்கள்மேல் இரக்கம் காட்டி', 'தெய்வம் போன்ற தாங்கள்', 'கருணை கூர்ந்து'!

"ஐயா, தொழில் வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்டோம்.

"கட்டாம விடுவாங்களா?"

"உரிமக் கட்டணம்?"

"அதுவும்தான்."

"வரி வாங்க வருகிறவர் உங்களிடம் 'கருணை கூர்ந்து கொடுங்கள்' என்றா கேட்கிறார்?"

பெரியவர் சிரித்துவிட்டார். உடனிருந்தவர்களும் சிரித்தனர். சிரிப்பு அடங்கியபோது 'தெய்வம்' தாளைவிட்டு வெளியேறியிருந்தது, 'இரக்கம்' பின்தொடர்ந்தது, 'வேண்டுகிறோம்' இருந்த இடத்தில் 'கோருகிறோம்' வந்து அமர்ந்தது. சொல்தானே மாறியது என்று எண்ணாதீர். கூன் விழுந்த சொல்லைப் பேசிப் பேசித்தான் முதுகும் கூன் விழுகிறது!

இங்கே ஓர் ஐயம் எழலாம். சாலைக்கும் சாக்கடைக்கும் மனு எழுதுவதிலே சீர்திருத்தம் என்ன இருக்கிறது? சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, மூடநம்பிக்கை ஒழிப்பு போன்ற மலைகள் நிற்க, மளிகைக் கடையின் வாசலில் நமக்கென்ன வேலை? வேலை இருக்கிறது, தோழர்களே! வரலாற்றைப் புரட்டினால் விளங்கும்.

'நகராட்சி' என்கிறோம். அதிலுள்ள 'நகரம்' என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலே கட்டடங்களின் கூட்டத்தை மட்டும் குறித்ததன்று. வணிகரின் அவையையும் குறித்தது. உழவர் குடியிருப்பின் அவை ஊர். பார்ப்பனரின் அவை சபை. வணிகரின் அவை நகரம். ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்கள் கடல் கடந்தும் புகழ் நாட்டின. பெருமைதான். ஆனால் பெருமை பேசும்போது கணக்கையும் பேச வேண்டும். உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி 'அன்றே குடவோலை கண்டோம்' என்று மார்தட்டுவோர், அந்தச் சபையின் வாரியத்தில் அமர நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்றிருந்ததை மட்டும் விழுங்கிவிடுவர்! உழுதவனுக்கும் சுமந்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலையுமில்லை, குடமுமில்லை. அவை இருந்தது, அனைவர்க்கும் இருந்ததா? இதுதான் கேள்வி.

வெள்ளையர் ஆட்சியிலும் இதே கேள்விதான், உடை மாற்றிக்கொண்டு வந்தது. 1836இல் சென்னையில் ஐரோப்பிய வணிகர் தமக்கென்று வர்த்தகச் சங்கம் அமைத்துக்கொண்டனர். சென்னை மாநகராட்சியிலே அவர்களுடைய அமைப்புகளுக்கென்று தனி இடங்கள் வழங்கப்பட்டன. ஆம், தனி இடங்கள்! பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கு என்றதும் 'தகுதி, திறமை' என்று தாண்டிக் குதிக்கும் கூட்டம், வெள்ளை வணிகனுக்கு இடம் ஒதுக்கியபோது வாய் திறந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. இந்திய வணிகர்க்கும் ஓர் அமைப்பு வேண்டுமென்று 1909இல் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் தோன்றியது. அதை உருவாக்க முன்னின்றவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? வெள்ளுடை வேந்தர் தியாகராயர்! 1916இல் பார்ப்பனர் அல்லாதார் இயக்கம் கண்ட அதே பெருமகனார்.

வணிகச் சங்கத்தில் நின்றவர் தம் கடைக்கு மட்டும் விளக்குக் கேட்டு ஓய்ந்தாரா? அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் திட்டம் தொடங்கியது. பசியோடு வந்து அமரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கு அறிவர். நகராட்சி என்பது சாக்கடை தூர்வாரும் அலுவலகம் மட்டுமன்று, அது சமுதாயத்தின் அடுப்படியும்கூட என்பதை ஒரு வணிகர் அறிந்திருந்தார்!

தந்தை பெரியாரும் மண்டி வணிகத்திலே வளர்ந்தவர்தாம். ஈரோட்டு நகராட்சியின் தலைவராக இருந்து காவிரித் தண்ணீரைக் குடிநீராக ஊருக்குள் கொண்டுவந்தவர். கணக்குப் புத்தகமும் கல்லாப் பெட்டியும் அறிந்த கைதான், பின்னாளில் வைதிகத்தின் கணக்கைத் தணிக்கை செய்தது. எனவே கடைத்தெருவை நாம் இளக்காரமாகப் பார்ப்பதற்கில்லை.

அந்தக் கடைத்தெருவேகூட எல்லோர்க்கும் பொதுவானது எப்போது? 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் இடம் யாவும் எவர்க்கும் உரியவை என்று சட்டமன்றம் ஒப்பியது. நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது! நூறாண்டுக்கு முன்னே போராடிப் பெற்ற பொதுத்தெருவிலே இன்று நின்றுகொண்டு, 'இது எங்கள் வாசல், நீ நகர்' என்று ஒருவர் மற்றவரை விரட்டினால்?

விரட்டத்தான் எண்ணினர். அதுதான் மனுவின் ஐந்தாவது கோரிக்கை: 'கடைகளின் முன்னே கூடை வைத்து வியாபாரம் செய்வோரை அப்புறப்படுத்த வேண்டும்.' ஆறாவதாக உறுப்பினர் பட்டியல். அதிலே உரக்கடை இருந்தது, தேநீர்க் கடை இருந்தது, நேற்றுத் திறந்த கைப்பேசிக் கடையும் இருந்தது. பல்லாண்டாக அதே தெருவிலுள்ள முடிதிருத்தகம் மட்டும் இல்லை.

இப்போது நினைத்துப் பாருங்கள், அந்தப் பழங்கதையை! ஆண்டவனுக்கு முகம் மழிக்க வேண்டப்பட்ட கை, சங்கப் பட்டியலில் வேண்டப்படாத கை ஆயிற்று. ஆண்டவனுக்குக் கீரை சமைத்த கிழவிக்கு மண்டகப்படி. நமக்குக் கீரை கொண்டுவரும் கிழவிக்கு 'அப்புறப்படுத்து'! கதையிலே கும்பிடுவது, கடைத்தெருவிலே தள்ளுவது. இதற்குப் பெயர்தான் பக்தியோ?

"ஐந்தாவதை நாம் எழுதமாட்டோம், ஐயா" என்றோம்.

பெரியவருக்குச் சினம் வரவில்லை, வருத்தம் வந்தது. "நீங்க மாசச் சம்பளக்காரர் தம்பி. கடைக்கு முன்பணம், வாடகை, கரண்ட்டு, லைசென்ஸ், வரி எல்லாம் நாங்க கட்டுறோம். ஒண்ணும் கட்டாதவங்க வாசலை மறிச்சா எங்க வயிறு எரியாதா?"

அவர் சொன்னதிலே பொய்யில்லை. சிறு வணிகரின் பாடு பெரும்பாடு. ஒரு பக்கம் பெருநிறுவன அங்காடிகள் குளிரூட்டி அழைக்கின்றன. மறுபக்கம் கைப்பேசியிலே விரல் வைத்தால் வீட்டு வாசலுக்கே பொருள் வருகிறது. 2024 அக்டோபரிலிருந்து, பதிவு செய்யாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், அவ்வாடகைக்கும் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியைத் தாமே செலுத்த வேண்டுமென்றபோது நாடெங்கும் வணிகர் குமுறினர். குமுறல் நியாயம். ஆனால், வாணிகத்தைப் பறித்தவன் வானளாவ நிற்க, வயிற்றெரிச்சல் மட்டும் கீரைக் கூடையின்மேல் பாய்வதேன்? பெரியவன் கைக்கெட்டான், எளியவள் காலடியில் இருக்கிறாள். சாதி அடுக்கு நமக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கே இதுதான்: மேலே குனி; கீழே மிதி!

கூடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டுமல்லவா? கீரை விற்கும் அம்மையாரிடம் கேட்டோம்.

"வாசலை மறிக்கணும்னு எனக்கு ஆசையா, வாத்தியாரய்யா? நிழல் எங்கே நகருதோ அங்கே நானும் நகர்றேன். எனக்குன்னு ஒரு இடம் காட்டினா நான் ஏன் நகரப்போறேன்?"

ஆறு கோரிக்கைத் தாளிலே இல்லாத தெளிவு அந்த ஒரு விடையிலே இருந்தது. குறை கூடையிலே இல்லை. இடம் காட்டாத ஏற்பாட்டிலே இருக்கிறது.

இதைச் சங்கத்தார்க்கு விளக்க நாம் ஏடுகளைத் தேடவில்லை. அவர்களே நன்கறிந்த திருச்சி காந்தி மார்க்கெட்டைக் காட்டினோம். ஜீயபுரத்து வாழைக்கும் காய்க்கும் அதுதானே பெருவாயில்? நெரிசல் மிகுந்த அந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றுவதென்று, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியிலே ஏறத்தாழ 77 கோடி ரூபாய்ச் செலவில் பெரு வளாகம் எழுப்பி 2017 செப்டம்பரில் திறந்து வைத்தனர். கட்டடம் வந்தது, வணிகர் வரவில்லை. தொலைவு அதிகம், கடைகள் சிறியவை, சில்லறை வாங்குவோர் அவ்வளவு தூரம் வாரார் என்றனர். 2020இல் கொரோனாக் கொடுநோய் காரணமாகக் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வாணிகம் பொன்மலை ஜி கார்னர் திடலுக்குச் சென்றது. மழையிலும் சேற்றிலும் அல்லலுற்ற வணிகர் போராடினர்; வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது; இடைக்காலத் தடை விலகி, ஏறக்குறைய எட்டு மாதங்களுக்குப் பின், நவம்பர் இறுதியிலேதான் கதவு திறந்தது. பின்னர் 2025 மே 9ஆம் நாள், பஞ்சப்பூரில் 236 கோடி ரூபாய்ச் செலவில் தந்தை பெரியார் பெயரால் புதிய காய்கறி அங்காடி கட்ட அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்த நெடுங்கதையின் சாரம் என்ன? நெரிசலைக் குறைக்க வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. மார்க்கெட் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. தாரை இறக்கும் சுமைப்பணியாளர், விடியற்காலையில் ஒரு கூடை காய் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், தேநீர் ஆற்றுவோர், வண்டி ஓட்டுவோர் என்று ஆயிரம் இழைகளால் நெய்த துணி அது. இழைகளைக் கேட்காமல் துணியை இடம் மாற்றப் பார்த்தனர். கோடிகள் கட்டடமாகிப் பூட்டிக் கிடந்தன.

"அவங்களைக் கேக்காம மாத்துனது தப்புதான்" என்றார் உரக்கடைக்காரர்.

"காந்தி மார்க்கெட் வணிகரைக் கேட்காமல் நகர்த்துவது தவறென்றால், கீரை விற்கும் அம்மாவைக் கேட்காமல் நகர்த்துவது மட்டும் எப்படிச் சரியாகும்?" என்றோம்.

விடை வரவில்லை. விடை வராத இடத்திலேதான் சிந்தனை தொடங்குகிறது என்பது வகுப்பறையிலே நாம் நாள்தோறும் காணும் உண்மை.

நாட்டின் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகரங்களிலே விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினருள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாதோர் தெருவோர வணிகராலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். கடைக்காரர் சங்கங்களுக்கும் அதே குழுவிலே இடமுண்டு. அஃதாவது, கடை வைத்திருப்பவரும் கூடை வைத்திருப்பவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, எங்கே விற்கலாம், எங்கே விற்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். அச்சட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது; ஊராட்சிப் பகுதியான ஜீயபுரத்துக்கு நேரே பொருந்தாது. ஆனால் அந்த மேசையின் நீதி எந்த ஊருக்குப் பொருந்தாது?

பேச்சு இரண்டு மாலைகள் நீண்டது. இறுதியில் ஐந்தாவது கோரிக்கை மாறியது: 'சாலையோர வணிகர்க்குக் கடை வாசல்களை மறைக்காதவாறு நிழலுள்ள இடம் ஒதுக்கித் தர வேண்டும்.' ஆறாவதிலே முடிதிருத்தகத்தின் பெயர் ஏறியது. அதை எழுதச் சொன்னவர் அந்தப் பெரியவரேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "தாடி எடுக்க மட்டும் அவன்கிட்டே போறோம், கையெழுத்து வாங்கப் போகக் கூடாதா?" என்றார். பல மேடைகளிலே பல மணி நேரம் பேசி விளைவிக்க முயலும் மாற்றம், சில வேளைகளில் இப்படி ஒரு வரியிலே விளைந்துவிடுகிறது!

மனுவை எங்கே கொடுப்பது? அடுத்த கேள்வி அதுவாயிற்று. தெரிந்தவர் மூலம், தனியே, மாலைக்குப் பின், கையிலே பழத்தட்டோடு. இதுதானே பழைய வழக்கம்? 'வேண்டாம், பகலிலே, பலர் முன்னே கொடுங்கள்' என்றோம். கிராம சபை எதற்கு இருக்கிறது? தமிழ்நாட்டிலே சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள்கள் அதற்கென்று குறிக்கப்பட்டுள்ளன. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வேதமும் வேண்டா, நிலமும் வேண்டா; உத்தரமேரூர் தராத உரிமை இது! அங்கே வைத்த தீர்மானம் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறியதை எவரும் 'எனக்குத் தெரியாதே' என்று மறுக்க முடியாது. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்து, நம் மாவட்டத்திலும் பொறுப்பு தனி அலுவலரிடம் சென்ற காலம் அது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது, தேர்ந்தெடுக்கும் மக்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டுமல்லவா?

மே முதல் நாள் சபையிலே மனு படிக்கப்பட்டது. படித்தவர் மளிகைக் கடைப் பெரியவர். பக்கத்திலே முடிதிருத்தும் தோழர். பின்னே கீரைக்கார அம்மையார், கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து அமர்ந்திருந்தார். 'கோருகிறோம்' என்ற சொல் வந்தபோதெல்லாம் பெரியவரின் குரல் சற்றே உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறிப் பதிவாயிற்று.

விளைவு? சொல்கிறோம். தெருவிளக்குகள் இப்போது எரிகின்றன. குப்பை வண்டி முன்னைவிட ஒழுங்காக வருகிறது. நிழலான ஓரமொன்றிலே கூடைகளுக்கு இடம் குறித்துக்கொண்டனர். எந்த அலுவலகமும் குறிக்கவில்லை, கடைக்காரரும் கூடைக்காரரும் தமக்குள் பேசிக் குறித்துக்கொண்டது. வடிகால் மட்டும் இன்னும் தாளிலே ஓடுகிறது. சாலை ஒரு துறைக்கு, தெரு ஒரு துறைக்கு, இடையிலே தேங்கும் நீர் எவர்க்கும் சொந்தமில்லை என்று கோப்புகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன. வெற்றி பாதி, போராட்டம் மீதி.

அந்த மீதியிலே ஒன்றைச் சங்கத்தார்க்கும் நினைவூட்டியிருக்கிறோம். மே 1 உழைப்பாளர் நாள். மே 5 வணிகர் நாள். ஆண்டுதோறும் தமிழ்நாட்டு வணிகர் மாநாடு கூட்டிக் கொண்டாடும் நாள். வணிகர்க்கென்று நல வாரியம் அமைந்தது 1989இல், கலைஞர் ஆட்சியில். அதுவும் கேட்டுப் பெற்றதுதான். இரு நாள்களுக்கும் இடையே உள்ள தொலைவு நான்கு நாள்களே. ஆனால் கல்லாவின் முன்னே அமர்ந்திருப்பவருக்கும், கல்லாவின் பின்னே காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டிருக்கும் கடைப்பிள்ளைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டுமென்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! 1924இல் நடப்பதற்குத் தீர்மானம். 2021இல் அமர்வதற்குச் சட்டம். எத்தனை கடைகளிலே அந்த நாற்காலி வந்துவிட்டது என்று, துணி எடுக்கச் செல்லும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் கண்ணால் கணக்கெடுத்துப் பாருங்கள்.

அலுவலகத்திலே தமக்கு நாற்காலி கேட்டுப் புறப்பட்ட சங்கம், தம் கடையிலே பணியாளுக்கு நாற்காலி போட மறுக்கலாமா? தம்மைக் கேட்காமல் வரி போடாதே என்னும் சங்கம், கூடைக்காரியைக் கேட்காமல் அவள் இடத்தைப் பறிக்கலாமா? உரிமை என்பது கல்லாப் பெட்டியிலே பூட்டிவைக்கும் பணமன்று. பிறர்க்குக் கொடுக்கக் கொடுக்கத்தான் நம் கையிலே தங்கும். ஒருவர்க்கு மட்டும் கிடைத்தால் அதற்குப் பெயர் சலுகை. சலுகையைக் கொடுத்தவன் நாளை திரும்பப் பெறுவான். உரிமையைத் திரும்பப் பெற எவனாலும் ஆகாது.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் கடைத்தெரு இருக்கும். அங்கும் இருட்டு இருக்கும். மனு எழுதத் தெரிந்தவர் வேண்டுமென்று எவரேனும் உங்கள் வீட்டுப் படியேறுவர். எழுதிக் கொடுங்கள். எழுதும்போது இரண்டை மட்டும் மறவாதீர். கருணைக்கு அங்கே இடமில்லை. கடமை என்று எழுதுங்கள். கையொப்பமிடுவோர் வரிசையிலே இடம் போதாதென்பர். தாளை ஒட்டி நீட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தெருவிலே பிழைப்போர் ஒருவர் பெயரும் விடுபட வேண்டாம்.